எழுத்து விளையாட்டும் சொல் வேட்டையும்

(ஊர்த் தமிழ்மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

'எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடும் விளையாட்டு' என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தமிழ்மன்றத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். மொழிக்கு வந்துற்ற கேடுகளைப் பற்றிப் பேச ஆயிரம் இருக்க, இவர் சிறுபிள்ளை ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்றும் நினைக்கலாம். பொறுத்தருள்க. முப்பது ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன் நான். இலக்கணம் என்றால் முகம் சுளிக்கும் பிள்ளை, அதே இலக்கணம் விளையாட்டாக வந்தால் இருக்கையை விட்டு எழுந்து நின்று விடை கூறுவதைக் கண்ணாரக் கண்டவன். அந்தப் பட்டறிவோடு, அந்த விளையாட்டில் நடுவனாய் இருந்து நான் செய்த ஒரு பிழையையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

இவ்விளையாட்டை அறியாதார் இலர். ஓர் எழுத்தைச் சொல்லி அதில் தொடங்கும் சொல்லைக் கேட்பது ஒரு வகை. சில எழுத்துகளைக் காட்டி, வெறுங்கட்டத்தை நிரப்பச் சொல்வது மற்றொரு வகை. ஒரு சொல்லைத் தந்து, அதில் ஓரெழுத்தை நீக்கி வேறு சொல் காணச் சொல்வது இன்னொரு வகை. 'பகல்' என்னும் சொல்லில் தலையெழுத்தை எடுத்தால் 'கல்'. நடுவெழுத்தை எடுத்தால் 'பல்'. 'அவரை'யில் தலை போனால் மலையாகிய 'வரை'. இடை போனால் பாதியாகிய 'அரை'. 'குதிரை'யில் தலை போனால் கடலின் 'திரை'. இடை போனால் நாயின் 'குரை'! இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்; கடைசி வரிசையில் தூங்கும் பையனும் விழித்துக்கொள்வான்.

முன்னோர் ஆடிய ஆட்டம்

இஃது இன்று நேற்று வந்ததன்று. எழுத்தை அளந்து சொல்லைத் தேடும் வேலையை நம் முன்னோர் போல் ஆழ்ந்து செய்தவர் யார்?

தொல்காப்பியத்தின் மொழிமரபைத் திறந்து பாருங்கள். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும் என்று தமிழ்ச்சொற் பரப்பு முழுவதையும் சல்லடையிட்டுச் சலித்துக் கணக்குச் சொல்கிறார் ஆசிரியர். ஞகர மெய்யில் முடியும் சொல் ஒன்றே. நகர மெய்யில் முடிவன இரண்டே. வகர மெய்யில் முடிவன நான்கே என்கிறார். அவை யாவை என உரையாசிரியர்கள் எடுத்துக் காட்டுகின்றனர்: உரிஞ், பொருந், வெரிந், அவ், இவ், உவ், தெவ். எண்ணிப் பாருங்கள்! அச்சிட்ட பொத்தகம் இல்லை, அகரமுதலி இல்லை, ஓலையும் எழுத்தாணியும் நினைவுமே கருவி. ஒரு மொழியின் சொற்கள் எல்லாவற்றையும் உள்ளத்தில் ஓட்டிப் பார்த்தாலன்றி 'இதில் முடிவது ஒன்றே' என்று உறுதி கூற இயலுமா? பின்வந்த பவணந்தியார், ஓரெழுத்தே ஒரு சொல்லாய் நிற்பவற்றை நன்னூலில் எண்ணினார், நாற்பத்திரண்டு என்றார். நெட்டெழுத்தால் ஆனவை நாற்பது. குற்றெழுத்தால் ஆனவை நொ, து என்னும் இரண்டு.

பாவலரும் இதே ஆட்டத்தை ஆடினர். இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாட வேண்டுமானால் ப, ம, வ ஆகிய மெய்களையும் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்களையும் அறவே விலக்கிச் சொல் தேட வேண்டும். சிவப்பிரகாசரின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி இத்தகைய கட்டுக்குள் நின்று பாடப்பட்டதே. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றைச் சம்பந்தர் பதிகமாகவே பாடிவிட்டார்.

இவற்றினும் எனக்கு வியப்பளிப்பது நம் சொற்றொகை நூல்களின் அமைப்பு. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. அதாவது, சொல்லின் இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டது. 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் பெயர், பொருள், தொகை என்னும் மூன்றுக்குப் பின் வருவது தொடை. பா இயற்றுவோன் எதுகைச் சொல் தேடி இடர்ப்படாமல் இருத்தற்கென்றே அமைந்த பகுதி அது. முதலெழுத்தைக் கொண்டு சொல் தேடப் பல மொழிகளிலும் நூல்கள் உண்டு. 'இரண்டாம் எழுத்து இது, எனக்குச் சொல் வேண்டும்' என்று கேட்பவனுக்கும் விடை தர நூல் செய்து வைத்த மரபு நம்முடையது! தேவையிருந்தது, செய்தனர். நாமோ இரண்டையும் மறந்தோம்.

தேடும் நெறி

மாணவர்களே! சொல் தேடுவதற்கு நெறி ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மோட்டைப் பார்ப்பதால் சொல் வாராது.

'ண்டு' என்று முடியும் மூன்றெழுத்துச் சொற்களைக் கேட்கிறேன் என்று கொள்க. நெடுங்கணக்கை வரிசையாக ஓட்டுங்கள். முதலில் குற்றெழுத்து: அண்டு, உண்டு, கண்டு, குண்டு, கொண்டு, சுண்டு, செண்டு, தண்டு, துண்டு, தொண்டு, நண்டு, பண்டு, பெண்டு, மண்டு, மொண்டு, வண்டு, விண்டு. அடுத்து நெட்டெழுத்து: ஆண்டு, ஈண்டு, சீண்டு, தாண்டு, தீண்டு, தூண்டு, தோண்டு, நீண்டு, பூண்டு, மாண்டு, மீண்டு, யாண்டு, வேண்டு. பதினேழும் பதின்மூன்றும் முப்பது. குறிலையும் நெடிலையும் ஏன் பிரித்தேன்? எதுகைக்கு முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும் என்னும் யாப்பு நெறி அதனுள் அடங்கியிருக்கிறது. எதுகை என்னும் பெயரைச் சொல்லாமலே எதுகையைக் கற்பித்தாயிற்று! இந்த முப்பதோடு முப்பத்தொன்றாவது சொல்லும் ஒன்று உண்டு. அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்வேன்.

அடுத்த நெறி, எழுத்து நிற்கும் இடத்தை அறிதல். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய் ஆறும் சொல்லின் இறுதியில் வாரா. ஆய்தம் வேண்டுமா? அதற்கு முன்னே ஒரு குற்றெழுத்தும் பின்னே ஒரு வல்லின உயிர்மெய்யும் நிற்க வேண்டும்: எஃகு, அஃது, கஃசு, பஃறி. இதை அறிந்த பிள்ளை, ஆய்தத்தைச் சொல்லின் தலையில் தூக்கி வைத்து 'ஃபேன்' என்று எழுதிய கடைப்பலகையைக் கண்டால், "ஐயா, ஆய்தம் துணையின்றி நிற்கிறதே!" என்று தானே வந்து கேட்கும். நான் எதுவும் சொல்ல வேண்டுவதில்லை.

தனிக்குறிலை அடுத்து ர், ழ் என்னும் மெய்கள் வாரா. வேர், ஊர், யாழ் என நெடிலின் பின் வரும். தமிழ், அவர் என இரு குறிலின் பின் வரும். ஒற்றைக் குறிலின் பின் வாரா. ஆகவே கர்வம், வர்ணம், சர்க்கார் என்பன தம் உருவத்தாலேயே அயலார் எனக் காட்டிக்கொடுக்கின்றன. க், ச், த், ப் என்னும் நான்கும் தம்மையன்றிப் பிற மெய்யோடு மயங்கா. பக்கம், பத்து, உப்பு என வரும். பக்தி, சப்தம் என வாரா. பிள்ளைகள் சொல் தேடும்போது தாமே இந்தச் சுவரில் முட்டிக்கொள்கின்றனர். முட்டிய இடத்தில் நின்று "ஏன்?" என்று கேட்கின்றனர். அந்த 'ஏன்' பிறக்கும் நொடிதான் இலக்கணம் கற்பிக்க ஏற்ற நொடி. 'இது வடசொல், எழுதாதே' என்று நூறு முறை கடிந்துரைப்பதை விட, 'இந்த எழுத்து இங்கே நிற்குமா, நீயே தேடிப் பார்' என்று ஒருமுறை சொல்வது மேல்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சல்லடை எல்லாவற்றையும் பிரித்துவிடாது. கோபம், தினம் முதலியவை எழுத்து நெறியில் குற்றமின்றி நிற்கின்றன. ஆயினும் அவை வடமொழி வழியே வந்தவை. சினம், நாள் என்பன இருக்க அவை நமக்கு எதற்கு? மறுபுறம், 'ரெண்டு' என்று ஒரு பிள்ளை சொன்னால், ரகரம் முதலில் வாராது என்று அடித்துவிடக் கூடாது. அதன் பின்னால் 'இரண்டு' நிற்கிறது. நெறியும் நிலைத்த பாறையன்று. சகரத்தோடு அகரம் சேர்ந்து சொல் தொடங்காது என்றார் தொல்காப்பியர். நன்னூலார் காலத்தில் அஃது ஏற்கப்பட்டது. ஞகரத்துக்குத் தொல்காப்பியர் ஆ, எ, ஒ என்னும் மூன்று உயிர்களையே தந்தார். நன்னூலார் அகரத்தையும் சேர்த்தார். மக்கள் நாவைக் கேட்டே இலக்கணிகள் நெறி வகுத்தனர். இதனை நான் நெட்டுருவாக அறிந்திருந்தேன். ஆனால் வேண்டிய இடத்தில் மறந்துபோனேன். அந்தச் செய்திக்கு இப்போது வருகிறேன்.

முப்பத்தொன்றாவது சொல்

நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிது. வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் இந்த விளையாட்டை வைப்பேன். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு சொல்லுக்கு ஒரு மதிப்பெண். அன்று நான் எழுதியது இதே 'ண்டு'. பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்; கரும்பலகை நிரம்பியது. இரண்டு அணியும் ஒத்த மதிப்பெண்ணில் நின்றன. ஒரு சொல் சொன்னவர் வென்றவர்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து அவ்வாண்டுதான் எங்கள் பள்ளிக்கு வந்தவன். அவன் பேச்சு பிற பிள்ளைகளுக்குப் புதிது. ஆகவே அவன் மிகுதியாகப் பேசுவதில்லை. அன்று துணிந்து எழுந்து, "ஞண்டு, ஐயா" என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும், உள்ளதைச் சொல்கிறேன், சிறிது சிரித்தேன். "நண்டு முன்பே எழுதியாயிற்று. நாவைத் திருத்திக்கொள், ஞண்டு என்று ஒரு சொல் இல்லை" என்றேன். "எங்க ஊரில அப்படித்தான் சொல்லுவோம், ஐயா" என்றான் மெல்ல. "ஊர்ப்பேச்சு வேறு, தமிழ் வேறு" என்று கூறி அவனை உட்காரச் சொன்னேன். அவன் அணி தோற்றது. அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அந்த விளையாட்டில் அவன் வாய் திறக்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

ஈராண்டு கழித்து அகநானூற்றை முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். மருதப் பாட்டு ஒன்றில் நீரில் வாழும் நண்டு வருகிறது. அதற்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? ஞெண்டு! பொத்தகத்தை மூடிவைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாண் என்பது ஞாண் என வழங்கியது நினைவுக்கு வந்தது. மலையாள நாட்டில் நண்டுக்கு இன்றும் ஞண்டே பெயர் என்பது நினைவுக்கு வந்தது. ஞகரத்தோடு அகரம் சேர்ந்து முதலில் வரும் என்னும் நன்னூல் நூற்பாவும், முன்பே வந்திருக்க வேண்டியது, அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஞகரத்தை அந்தப் பையன் தன் தாயின் வாயிலிருந்து பெற்றுக் கொண்டுவந்து என் வகுப்பில் வைத்தான். தமிழ்ப்பற்று மிக்கவன் என்று தன்னை எண்ணிக்கொண்டிருந்த ஆசிரியன் அதைத் துடைத்து எறிந்தான்!

அவனைத் தேடினேன். அவன் குடும்பம் முன்பே ஊரை விட்டுப் போயிருந்தது. அந்த ஒரு மதிப்பெண் இன்றுவரை என்னிடம் கடனாகவே கிடக்கிறது.

அன்று முதல் என் மேசையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. விளையாட்டில் பிள்ளை சொல்லும் சொல்லை நான் அறியேன் என்றால், இல்லை என்று சொல்வதில்லை, ஏட்டில் எழுதுகிறேன். எந்த ஊர்ச் சொல், யார் சொல்லக் கேட்டாய், எதைக் குறிக்கும் என்று கேட்டுப் பதிகிறேன். அடுத்த வெள்ளிக்குள் நூல்களில் தேடி வந்து தீர்ப்புச் சொல்கிறேன். தென்பாண்டிப் பிள்ளை 'மெதுவாக' என்னாமல் 'பைய' என்கிறது. அது திருக்குறட் சொல். வயற்சேற்றைத் 'தொளி' என்கிறது; அது பெரும்பாணாற்றுப்படையில் உள்ள சொல். குமரிப் பிள்ளை 'கூப்பிட்டான்' என்னாமல் 'விளித்தான்' என்கிறது. நாம் அதை எட்டாம் வேற்றுமையில் மட்டும் பூட்டி வைத்திருக்கிறோம். அயற்சொல்லை விலக்க நாம் விழிப்பாய் இருத்தல் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் அயற்சொல்லை விரட்டும் விரைவில் சொந்தப் பிள்ளையை வாயிலில் நிறுத்தி 'நீ யார்?' என்று கேட்டுவிடலாகாது. வடசொல்லை அடிக்கும் கோலால் வழக்குச் சொல்லை அடித்தால் இழப்பு நமக்கே.

பொறியும் நாவும்

இப்போது கணிப்பொறி வந்துவிட்டது. எழுத்தைத் தட்டினால் நொடியில் சொற்பட்டியல் வந்து விழும். இனி மூளையைக் கசக்குவானேன் என்று சிலர் கேட்கின்றனர். பொறியை நான் வெறுப்பவனல்லன். ஆனால் அதன் கணக்கை அறிந்து கையாள வேண்டும். நம் இலக்கணத்தில் க் என்னும் மெய்யே அடிப்படை. அதனோடு அகரம் கூடினால் க. ஒருங்குறியிலோ க என்பதே அடிப்படை. அதன்மேல் புள்ளியை வைத்தால்தான் க். தலைகீழாக நிற்கிறது! நெறியறியாமல் எழுதிய செய்நிரல், 'பகல்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லைப் புள்ளியையும் தனியே எண்ணி நான்கு என்று சொல்லும். ககரம் உள்ள சொல் கேட்டால் கி, கூ, கை உள்ளவற்றையும் அள்ளிக் கொட்டும். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் இன்னவென்று அறிந்தவர் எழுதிய நிரல்கள் இதனைச் செம்மையாகச் செய்கின்றன. ஆகப் பொறிக்கும் இலக்கணம் வேண்டும். அதைக் கற்பிக்கத் தமிழறிந்தவன் வேண்டும்.

ஆங்கிலத்தார் ஆடும் இசுக்கிராபிள் என்னும் ஆட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். 1930-களில் ஆல்பிரெடு பட்சு என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அதனை உருவாக்கும்போது, செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அந்தக் கணக்கின்படியே எழுத்துக் கட்டைகளும் மதிப்புகளும் அமைந்தன. 1948-இல்தான் இன்றைய பெயர் வந்தது. அவர்க்கு 26 எழுத்து. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. அவர் ஆட்டத்தை அப்படியே தமிழில் பெயர்த்து வைத்தால் பை நிறையக் கட்டையும் கை நிறையத் தொல்லையுமே மிஞ்சும். நாம் அவரிடம் கற்க வேண்டுவது அந்த ஆட்டத்தையன்று. தம் மொழியின் எழுத்தைத் தாமே எண்ணிய உழைப்பை! அவ்வுழைப்பு தொல்காப்பியர் வழி வந்தவர்க்குப் புதிதன்று.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். பொறி தன்னிடம் உள்ள பட்டியலையே தேடும். பட்டியலில் 'ஞண்டு' இல்லையென்றால் அதுவும் என்னைப் போலவே, 'அப்படி ஒரு சொல் இல்லை' என்றுதான் சொல்லும். என்னையாவது அகநானூறு திருத்தியது; அதனைத் திருத்துவது யார்? பட்டியலில் ஏறாத சொற்கள் நம் வீட்டுத் திண்ணையிலும் வயலிலும் கடலோரத்திலும் முதியோர் நாவில் இருக்கின்றன. அவர்களோடு அவை மறைந்துபோகுமுன் எழுதி வைப்பது நம் கடமை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே! கிழமைக்கு ஒரு பிரிவேளை இந்த விளையாட்டுக்குக் கொடுங்கள். பெற்றோரே! மாலையில் விளக்கின்கீழ் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓர் எழுத்தைச் சொல்லுங்கள், பாட்டியையும் அருகில் அமர்த்துங்கள், அவர்தாம் வெல்வார். பிள்ளைகளே! தெரியாத சொல்லை யாரேனும் சொன்னால் சிரிக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குச் செல்லுமுன் உங்களுக்கு ஒரு சொல் தருகிறேன்: 'கவலை'. தலையெழுத்தை நீக்குங்கள்; வலை. அதில் சிக்கிக்கொண்டு கிடக்க வேண்டா. நடுவெழுத்தை நீக்குங்கள், கலை. எழுத்தெண்ணிக் கற்பார் கையில் தமிழ் தாழாது.